கியூஜிஐஎஸ் இழுபடுதோ? ராம் வாங்க முதல் இதைப் பாருங்கோ

கொஞ்ச நாளா ஒரே கேள்விதான்: "அண்ணை, போஸ்ட்ஜிஐஎஸ் லேயரைக் கியூஜிஐஎஸ்ஸில போட்டா, படம் வாறதுக்குள்ள தேத்தண்ணி குடிச்சு முடியுது. ராம் கூட்டவோ?" வேண்டாம். முதல்ல இன்டெக்ஸ் இருக்கோ எண்டு பாருங்கோ.

போஸ்ட்கிரெஸ் போடுறது, இணைப்புக் குடுக்கிறதெல்லாம் உங்களுக்குத் தெரியும், விடுவம்.

திரையில இருக்கிறது ஓபன்ஸ்ட்ரீட்மப்பில இருந்து இறக்கின இலங்கைக் கட்டடங்கள். நான் தொண்டைமானாறில ஸூம் பண்ணி நிக்கிறன். கியூஜிஐஎஸ் கேக்கிறது இந்தத் திரைக்குள்ள இருக்கிறதை மட்டும்தான். ஜிஸ்ட் இன்டெக்ஸ் இல்லாட்டி, போஸ்ட்கிரெஸ் மாத்தறையில இருக்கிற வீடு வரைக்கும் ஒண்டொண்டாப் பாத்திட்டுத்தான் இங்க செல்வச்சந்நிதிக் கோயிலுக்கு வந்து சேரும். எக்ஸ்பிளெயின் அனலைஸ் அடிச்சா 'சீக் ஸ்கேன்' எண்டு வருதெல்லோ? கள்ளன் அதுதான்.

"இன்டெக்ஸ் இருக்கு, அப்பவும் அசையுதில்லை" எண்டு சில பேர். பாத்தா, அது ஒரு வியூ. தரவு இலங்கை கிரிட் 5235இல கிடக்கு, வியூவுக்குள்ள எஸ்டி_டிரான்ஸ்ஃபோர்ம் போட்டு 4326 ஆக்கியிருக்கு. இன்டெக்ஸ் பழைய ஜியோமெட்ரிக்கு, கேள்வி புதுசுக்கு. பிறகெப்பிடி உதவும்? மாத்திற வேலையைக் கியூஜிஐஎஸ்ஸிட்ட விடுங்கோ.

அடுத்தது எங்கட தொண்டைமானாறு நீரேரி. கடல்வாயில தடுப்பணை இருக்கு. உப்புத்தண்ணியை மறிச்சு மழைத்தண்ணியைத் தேக்கினா கிணறுகள் நல்லாகும் எண்டதுதான் எண்ணம். பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில முன்வைச்ச 'யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு' திட்டத்திலயும் இந்த நீரேரி வருது. அதைக் கதைக்க வெளிக்கிட்டா விடிஞ்சிடும்! விசயம் என்னெண்டா, நீரேரி ஒரே பொலிகன், தென்கிழக்காச் சரிஞ்சு நீண்டு கிடக்கு. இன்டெக்ஸ் பாக்கிறது அதின்ர எல்லைப்பெட்டியை, கரையை இல்லை. அந்தப் பெட்டிக்குள்ள விழுற கொடிகாமத்தில நிண்டாலும் முழு நீரேரியும் வந்திறங்கும்.

ஐயோ, நேரம் போட்டுது. கடகடவெண்டு சொல்லுறன், எழுதுங்கோ. ஒண்டு, ஜியோமெட்ரிக்கு ஜிஸ்ட் இன்டெக்ஸ். ரெண்டு, வக்யூம் அனலைஸ். மூண்டு, இணைப்பு அமைப்பில 'எஸ்டிமேட்டட் டேபிள் மெட்டாடேட்டா'வுக்குச் சரி போடுங்கோ, இல்லாட்டி லேயரைச் சேர்க்கேக்க முழு அட்டவணையையும் கிளறும். நாலு, முழு எண் பிரைமரி கீ. வியூ எண்டா திரும்ப வராத ஒரு நிரலைக் காட்டிவிடுங்கோ. ஐஞ்சு, கிட்டப் போனாத்தான் கட்டடம் தெரியவேணும் எண்டு ஸ்கேல் வரம்பு வையுங்கோ. ஆறு, பெரிய பொலிகனை எஸ்டி_சப்டிவைடால வெட்டி வேற அட்டவணையில போடுங்கோ. ஓரக்கோட்டை எடுத்துவிடுங்கோ, இல்லாட்டி வெட்டின இடமெல்லாம் தெரியும். வெட்டின துண்டுகளுக்கும் இன்டெக்ஸ் போடவேணும். ஓம், திரும்பவும் அதுதான்!