உஷார்! கொலுப்படிக்கு அடியில் ஒயர், திரைச்சீலைக்குக் கீழே அகல்!

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களே, ஒரு வேலையை முடித்துவிட்டு மேலே படியுங்கள். வீட்டில் சீரியல் லைட் எரிகிறதா? தொடாமல், அந்த ஒயர் போகிற வழி முழுக்கக் கண்ணை ஓட்டுங்கள். எங்காவது நசுங்கியிருந்தாலோ, செல்லோடேப் சுற்றியிருந்தாலோ உடனே சுவிட்சை அணைத்து பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

நமக்கு வீட்டை ஜோடிக்கிற பருவம் நவராத்திரியில் தொடங்கி, தீபாவளியைத் தாண்டி, திருக்கார்த்திகை வரை நீள்கிறது. வடகிழக்குப் பருவமழையும் அதே அக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான் வருகிறது. மலைப்பக்கம் கறுத்துவிட்டால் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிடுகிறோம். உள்ளே கொலு, அகல்விளக்கு, சாம்பிராணி. இவை போதாதென்று செல்போனில் பார்த்த வாசனை மெழுகுவர்த்தி, காய்ந்த இலைத் தோரணம், உருளியில் மிதக்கும் பூ. அழகாக வைக்க ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அடைத்துப் பூட்டிய ஈர வீட்டுக்குள் மின்சாரம், தீ, புகை, தேங்கிய தண்ணீர் நான்கையும் நாமே கூட்டி வருகிறோம். நான்குமே ஆளைக் கொல்லக்கூடியவை.

மின்சாரம்

முன்பு மரப்பெட்டியையும் பெஞ்சையும் அடுக்கிக் கொலுப்படி கட்டினார்கள். இப்போது பல வீடுகளில் மடக்கி வைக்கிற ஸ்டீல் ஸ்டாண்டுதான். அதன் மேல் பட்டுத்துணி விரித்து, துணிக்கு அடியில் சீரியல் ஒயரை இழுத்துவிடுகிறோம். மேலே கனமான பொம்மை ஏறியதும் பலகைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே ஒயர் நசுங்கும். மெல்லிய பிளாஸ்டிக் உறை கிழிந்தால் ஸ்டாண்டு முழுக்கக் கரன்ட். சுண்டல் படைக்க வருகிறவர் ஈரக் கையோடு வருவார். பெரும்பாலும் செருப்பும் இருக்காது. மழையில் நனையும் ஜன்னல் கம்பியிலும் இரும்புக் கேட்டிலும் சீரியல் சுற்றுவது இதைவிட மோசம்.

'எம்.சி.பி. இருக்கிறதே' என்று அலட்சியமாக இருக்காதீர்கள். ஒயரில் அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் அது விழும். மனித உடம்பு வழியாகக் கசிகிற சில பத்து மில்லிஆம்பியரை அது கண்டுகொள்ளாது. அதற்கு, கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். இருக்கிறவர்கள் மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அது இருந்தும் இல்லாததுதான். கரன்ட் போய்விட்டது என்று நம்பியும் ஒயரைத் தொடாதீர்கள். அந்த லைனில் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கலாம்.

தீ

ராஜபாளையம் மில் ஊர். பஞ்சுக் குடோனுக்குப் பக்கத்தில் யாரையாவது தீக்குச்சி உரச விடுவார்களா? அதே பஞ்சில் நெய்த திரைச்சீலைக்குக் கீழே ஜன்னல் திட்டில் அகலை ஏற்றிவிட்டு சமையலறைக்குப் போய்விடுகிறோம். பாலியஸ்டர் திரை என்றாலும் தப்ப முடியாது. அது உருகி தோலில் ஒட்டிக்கொள்ளும். எந்தச் சுடரும் துணி, சருகுத் தோரணம், காகிதப் பூவிலிருந்து மூன்றடியாவது தள்ளி இருக்கட்டும். ஆள் இல்லாத அறையில் எதுவும் எரியக் கூடாது. கப் சாம்பிராணியைப் பிளாஸ்டிக் தட்டிலோ மரப்பலகையிலோ வைக்காதீர்கள். புகை நின்ற பிறகும் அடியில் கனல் இருக்கும்.

சிவகாசி பக்கத்திலேயே இருப்பதால் தீபாவளிக்கு முன்பே பட்டாசுப் பெட்டி வீட்டுக்கு வந்துவிடுகிறது. கொலுப்படிக்கு அடியில் இருக்கிற காலி இடத்தில் அதைத் தள்ளி வைக்கிற வீடுகள் இன்றே எடுத்து மாற்றுங்கள். மேலே விளக்கும் ஒயரும், கீழே வெடிமருந்து!

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவும். தரையில்தான் நம் அகல்விளக்கும் இருக்கிறது. விளக்கேற்றும் முன் மூக்கால் ஒரு சோதனை அவசியம். வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

புகை

கூதிர்க்காலக் குளிரில் மக்கள் வாயகன்ற கணப்புச் சட்டியில் நெருப்பிட்டுக் குளிர்காய்ந்ததை சங்கப் பாட்டான நெடுநல்வாடை பேசுகிறது. ஓட்டு வீட்டில் இடுக்கு வழியே புகை வெளியேறிவிடும். காங்கிரீட் அறையில் அலுமினிய ஜன்னலை இழுத்துச் சாத்தினால் போக வழியே கிடையாது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன திருச்சி இளைஞர்கள் இருவர், கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி உயிரிழந்தார்கள். கரித் தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், அசதி வரும். தூக்கம் என்று நினைத்துப் படுத்தால் எழுந்திருக்க முடியாது. கைக்குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு சாம்பிராணி போடுகிற வீடுகள் கவனியுங்கள்: தணலை அடைத்த அறையில் விட்டுவைக்கவே கூடாது.

கொசுவர்த்திச் சுருளும் சும்மா இல்லை. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

தண்ணீர்

வரவேற்பறை உருளியில் செவ்வந்தி மிதக்க விடுகிறோம். பாட்டிலில் மணிபிளான்ட் வைக்கிறோம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது இப்படி வீட்டுக்குள் தேங்கிய தெளிந்த நீரைத்தான். நீர்மட்டத்தை ஒட்டிப் பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடும். ஒன்றிரண்டு வாரத்துக்குள் கொசு பறந்துவிடும். காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் தாங்கும். அதனால் பழைய தண்ணீரைக் கொட்டிப் புதிதாக ஊற்றினால் போதாது. வாரம் ஒருமுறை நாரால் உட்புறம் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியவை

* ஸ்டீல் கொலு ஸ்டாண்டில் ஒயரே வேண்டாம். பேட்டரி விளக்கு போதும்.
* தூங்கப் போகும் முன் சீரியலின் பிளக்கைக் கழற்றுங்கள்.
* விளக்கோ தணலோ இருக்கும் அறையில் ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும்.
* ஷாக் அடித்தவரை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள்.
* தீக்காயத்தில் பேஸ்ட், இங்க், ஐஸ் எதுவும் கூடாது. 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள்.
* தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108. கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள்.

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை. குடியிருப்பவர் ஆர்.சி.சி.பி. கேட்டால் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று சொல்லாதீர்கள். மழை அடுத்த வருஷம் வரை காத்திருக்காது. எலக்ட்ரீஷியனை இந்த வாரமே வரச் சொல்லுங்கள்.