சிங்க்குக்கு அடியில் ஊறும் அவல்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பழைய சமையலறையை இடித்துப் புதுப்பிக்கப் போகிறார்களாம். மூன்று இடங்களில் கொட்டேஷன் வாங்கியாகிவிட்டது. ஒருவர் 'எச்.டி.எச்.எம்.ஆர்' பலகை போடலாம் என்கிறார். அடுத்தவர், '710 மரைன் பிளைவுட், கப்பலுக்கே இதைத்தான் போடுகிறார்கள்' என்கிறார். மூன்றாமவர் பலகையின் பெயரைச் சொல்லவே இல்லை. 'ஃபுல்லி வாட்டர்ப்ரூஃப், பத்து வருட வாரண்டி' என்று ஒரு பளபளப்பான புத்தகத்தை நீட்டியிருக்கிறார். விலைகளோ ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டவில்லை. "யாரை நம்பி வேலையைக் கொடுப்பது? இதில் அறிவியல் ஏதாவது உதவுமா?" என்று கேட்கிறார்.

உதவும். யார் நல்லவர் என்று அறிவியல் சொல்லாது. தண்ணீர் எந்த வழியாக உள்ளே வரும் என்று சொல்லும். அது தெரிந்துவிட்டால், வேலைக்கு வருகிறவரிடம் எதைக் கேட்பது என்று தானே விளங்கிவிடும். மூன்றாமவரின் புத்தகத்தை மட்டும் இப்போதே மூடி வைத்துவிடலாம். இத்தகைய வாரண்டிகள் பலவற்றில், கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தில், 'நீர்க்கசிவால் வரும் சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று ஒரு வரி இருக்கும். தண்ணீர் படாத சமையலறைக்கு வாரண்டி எதற்கு?

உலர்ந்த மரம் தீராத தாகம் உள்ள பொருள். அதன் செல் சுவர்களில் செல்லுலோஸ் இழைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின்மேல் தண்ணீரை இழுத்துப் பிடிக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் ஏராளம். உள்ளே வரும் நீர் மூலக்கூறுகள் இழைகளை விலக்கி நடுவில் இடம்பிடிக்க, சுவர் தடிக்கிறது. மரத்தின் உலர் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரம் சேரும்வரை இப்படிப் பருத்துக்கொண்டே போகும். அதற்கு மேல் வரும் தண்ணீர் செல்லின் வெற்றிடத்தில் தேங்கும்; மரத்தின் அளவு மாறாது. வீக்கத்துக்குத் திசையும் உண்டு. இழையோட்டத்தின் நெடுக்கே ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் நீளும். குறுக்கே நூற்றில் ஐந்து, பத்து பங்குகூடப் போகும்.

பிளைவுட்டின் சாமர்த்தியமே இந்தத் திசை வேறுபாட்டில்தான் இருக்கிறது. மரத்தை மெல்லிய தாள்களாகச் சீவி, ஒன்றின் இழையோட்டத்துக்கு அடுத்ததைக் குறுக்காக வைத்து ஒட்டுகிறார்கள். ஒரு தாள் அகலத்தில் பருக்க முயலும்போது, அதே திசையில் நெடுக்காக ஓடும் அடுத்த தாள் விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஒன்றையொன்று கட்டிப்போடும் இந்த ஏற்பாடு, நடுவில் உள்ள பசை தாங்கும்வரைதான்.

விலை குறைந்த மாடுலர் கிச்சன்களில் உள்ளே இருப்பது பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு. அது தண்ணீரில் என்ன பாடுபடும் என்று தெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம், வீட்டில் அவல் இருந்தால் போதும். நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூட்டோடு இடித்தால் அவல். ஈரத்திலும் சூட்டிலும் இளகிய அரிசி, அழுத்திய தட்டை வடிவத்திலேயே ஆறி இறுகிவிடுகிறது. பலகை ஆலையிலும் நடப்பது இதுவே. மரச் சில்லுகளில் பிசினைத் தெளித்து, 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய அழுத்த எந்திரத்தில் நசுக்குகிறார்கள். சூட்டில் சில்லுகளின் லிக்னின் இளகுகிறது. மூல மரத்தைவிட அடர்த்தியாக அவை நெருங்கி, நெருங்கிய நிலையிலேயே ஆறுகின்றன. பலகை பார்வைக்குச் சாது. உள்ளே ஒவ்வொரு சில்லும் விட்டால் நிமிரக் காத்திருக்கும் வில்.

தண்ணீர் பட்டதும் அந்த வில் விடுபடுகிறது. மரம் இயல்பாகப் பருப்பது ஒரு பங்கு. நசுங்கிய சில்லு பழைய தடிமனுக்கு நிமிர்வது இன்னொரு பங்கு. காய்ந்தால் முதல் பங்கு போய்விடும், இரண்டாவது போகாது. ஊறிய அவலை வெயிலில் காயவைத்துப் பாருங்கள், மீண்டும் தட்டையாகிறதா என்று. சிங்க்குக்கு அடியில் ஒருமுறை உப்பிய பலகை, குழாயைச் சரிசெய்து, ஃபேன் போட்டு உலர்த்திய பிறகும் உப்பியே நிற்பதன் ரகசியம் இதுதான். உப்பிய இடத்தில் கீல் திருகுக்குப் பிடிமானம் போய்விடும், கதவு தொங்கும்.

பசையையும் இதில் சேர்க்க வேண்டும். விலை குறைந்த பலகைகளில் வழக்கமாக இருப்பது யூரியா-ஃபார்மால்டிஹைடு பிசின். இரண்டும் சேர்ந்து இறுகும்போது தண்ணீர் வெளியேறுகிறது. பின்னாளில் தண்ணீரும் சூடும் கிடைத்தால் அதே வினை வந்த வழியே திரும்பிப் போகும், பிணைப்பு அவிழும். ஆக, வெல்லப்பாகு ஊற்றிப் பிடித்த அவல் உருண்டை. மேலே சுற்றிய வண்ணக் காகிதம்தான் லேமினேட். குசேலர் முடிந்து எடுத்துப்போன அவல் வழியில் நல்ல மழையில் நனைந்திருந்தால், துவாரகை போய்ச் சேர்வதற்குள் முடிச்சு இரண்டு மடங்காகியிருக்கும். கண்ணன் ஒரு பிடிக்கே திணறியிருப்பான். குசேலரின் மாளிகையும் பாதியில் நின்றிருக்கும். எச்.டி.எச்.எம்.ஆர் என்பது இந்தக் குடும்பத்தில் கொஞ்சம் வசதியான உறவுக்காரர்: மர இழைகளை இன்னும் நெருக்கி, பிசினில் மெலமினும் கூடவே மெழுகும் சேர்த்தது. நெய்யில் புரட்டிய அவல். ஊற நேரமாகும், ஊறவே ஊறாது என்று சொன்னால் நம்பாதீர்கள்.

பிசின் அவிழும்போது கூடவே ஃபார்மால்டிஹைடு வாயுவும் கசியும். புது அலமாரியைத் திறந்ததும் கண்ணைக் கரிக்கும் நெடி அதுதான். சூடும் ஈரமும் கூடக் கூட அதிகம் வெளிவரும்; இரண்டுக்கும் நம் ஊர்ச் சமையலறையில் பஞ்சமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. பீதி வேண்டாம். குறைவாகக் கசியும் இ-1 அல்லது இ-0 வகைப் பலகையா என்று கேளுங்கள். முதல் சில வாரங்கள் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இனி '710'. குக்கர் கைப்பிடி கறுப்பாக, எத்தனை விசில் வந்தாலும் அசையாமல் இருக்கிறதல்லவா? அது ஃபீனால்-ஃபார்மால்டிஹைடு குடும்பத்துப் பிளாஸ்டிக். லியோ பேக்லாண்ட் 1907-ல் உருவாக்கிய பேக்லைட்டின் வம்சம். அதே வகைப் பிசின்தான் நல்ல பிளைவுட்டிலும் பசை. இதன் கார்பன் பிணைப்புகளைத் தண்ணீரால் அவிழ்க்க முடியாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 710 தரத்துக்கு, பலகைத் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் தாள்கள் பிரியக்கூடாது. சாதாரண எம்.ஆர் (ஈரம் தாங்கும்) வகைக்கோ 60 டிகிரி வெந்நீரில் 3 மணி நேரம் தாக்குப்பிடித்தால் தேர்ச்சி. இரண்டுக்கும் பார்வையில் வித்தியாசம் தெரியாது, விலையில் தெரியும்.

ஆனால் '710' என்றதும் மயங்கிவிட வேண்டாம். அந்தக் கொதிநீர்ச் சோதனை பசைக்கானது. உள்ளே இருப்பது மரம்தானே? அது தண்ணீரைக் குடிக்கத்தான் செய்யும், தாள் தாளாகப் பிரியாது என்பதே உத்தரவாதம். பலகையில் ஐ.எஸ்.ஐ முத்திரையோடு 'சி.எம்/எல்' என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை 'பி.ஐ.எஸ் கேர்' செயலியில் தட்டினால் யாருடைய உரிமம், உயிரோடு இருக்கிறதா என்று வந்துவிடும். வெட்டிய ஓரத்தில் கறுப்புக் கோடுகளைக் காட்டி 'இதுதான் மரைன் அடையாளம்' என்பார்கள். சாயம் கலந்தாலும் கோடு கறுக்கும்.

வரலாறு இல்லாமல் கட்டுரை நிறைவதில்லை என்று ஆசிரியர் சொல்வதால் ஒரு பத்தி. மாடுலர் கிச்சனின் மூதாதை 1926-ல் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி வரைந்த ஃபிராங்ஃபர்ட் சமையலறை. 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். சுமார் 10,000 வீடுகளில் பொருத்தினார்கள். பார்ட்டிகிள் போர்டும் அதே ஜெர்மனியில், 1930-களில், மாக்ஸ் ஹிம்மெல்ஹெபரின் முயற்சியில் பிறந்தது. மரக் கழிவை வீணாக்காமல் இருப்பதே நோக்கம். 1996-ல் உச்ச நீதிமன்றம் காடுகளில் மரம் வெட்டக் கட்டுப்பாடு விதித்தபின், நம் பிளைவுட் ஆலைகள் தோட்ட மரங்களுக்கு மாறின. கேரளத்தின் பெரும்பாவூரில் ரப்பர் மரம் பிளைவுட்டாகிறது. வரலாறு முற்றிற்று.

இப்போது முக்கியமான இடம். பலகையின் முகத்தில் ஒட்டும் லேமினேட்டை நம் ஆசாரிமார் 'மைக்கா' என்பார்கள். பிசினில் தோய்த்த காகிதங்களை அழுத்திச் செய்தது. தண்ணீர் எளிதில் அதைக் கடக்காது. தண்ணீர் வரும் வழி ஓரம். பலகையை எங்கே வெட்டினாலும் மரத்தின் நுண்குழாய்கள் அங்கே வாய் திறந்து நிற்கும். நுண்புழை ஏற்றத்தால் ஈரம் உள்ளே ஓடும். ஆலையில் நான்கு ஓரத்துக்கும் எந்திரத்தால் பட்டை ஒட்டி அனுப்புகிறார்கள். அந்தப் பசை பாலியூரித்தேன் வகையாக இருந்தால் நல்லது. காற்றின் ஈரத்தை வாங்கியே அது இறுகும், அடுப்புச் சூட்டில் மறுபடி இளகாது.

பிறகு அலமாரி வீட்டுக்கு வருகிறது. பிளம்பர் கழிவுக் குழாய்க்கு ஒரு துளை போடுகிறார். எலக்ட்ரீஷியன் ஒயருக்கு ஒன்று. வாட்டர் ஃபில்டர்காரர் ஒன்று. சிலிண்டர் டியூபுக்கு இன்னொன்று. ஒவ்வொரு துளையும் பட்டையில்லாத ஒரு புது ஓரம். அதுவும் வீட்டிலேயே அதிகம் நனைகிற இடத்தில். அதை அடைப்பது யார் வேலை? பலகைக்காரர், 'என் வேலை முடிந்தது' என்பார். பிளம்பர், 'மரம் என் வேலையில்லை' என்பார். லட்ச ரூபாய் அலமாரி ஊறத் தொடங்குவது இந்த இரண்டு பதில்களுக்கு நடுவில்தான். அதனால், வேலைக்கு ஆள் எடுக்கும்போது பலகையின் பெயரைக் கேட்பதைவிட இந்தக் கேள்விக்கு யார் நேராகப் பதில் சொல்கிறார் என்று பார்ப்பது மேல்.

வேலையின் வரிசையும் இதே கணக்குதான். சிங்க், அடுப்பு, புகைபோக்கி, ஃபில்டர் எவை, எந்த அளவு, எந்த இடம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். குழாயும் ஒயரும் சுவருக்குள் போகும் வேலை அடுத்து. 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக்கும் தனி ஒயரும் தேவை என்பதை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். டைல்ஸ் முடிந்தபின் எடுக்கும் அளவே சரியான அளவு; அதற்கு முன் அளந்து பலகை வெட்டினால், தளத்தில் வந்து மறுபடி செதுக்குவார்கள். செதுக்கினால் மீண்டும் திறந்த ஓரம். துளைகளின் இடம் வரைபடத்தில் இருந்தால் ஆலையிலேயே போட்டு அடைத்து அனுப்ப முடியும். தரையைக் கழுவிவிடும் வீடுகளில் அலமாரி நேராகத் தரையில் உட்காரக்கூடாது. நாலு அங்குல பிளாஸ்டிக் கால் வேண்டும்.

யாரும் உங்களிடம் சொல்ல விரும்பாத ஒன்றும் இருக்கிறது. மேடைக்கு அடியில் ஏற்கெனவே கடப்பா கல் தடுப்புகள் இருந்தால் அவற்றை இடிக்க வேண்டியதில்லை. கடப்பா சுண்ணாம்புக்கல், புளியும் எலுமிச்சையும் மேற்பரப்பைக் கொஞ்சம் அரிக்கலாம், ஆனால் உப்பாது. கல்லை விட்டுவைத்துக் கதவு மட்டும் போட முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்பவர் தன் பில்லைத் தானே குறைத்துக்கொள்கிறார், நம்பலாம்.

சின்னச் சோதனை ஒன்று. போடப்போகும் பலகையில் கைப்பிடி அளவுத் துண்டு வாங்கி, வீட்டுக்கு வெளியே, இனிச் சமைக்கப் பயன்படாத பாத்திரத்தில் இரண்டு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். யூரியா பிசின் என்றால் தாள்கள் பெரும்பாலும் பிரிந்துவிடும். பிரியாததாலேயே அது 710 ஆகிவிடாது. பிரிந்தால் நிச்சயம் இல்லை. துண்டு தரமாட்டேன் என்பவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

கொட்டேஷனில் 'பிராண்டட் பிளைவுட்' என்று இருந்தால் அடித்துவிட்டு ஐ.எஸ். எண், தடிமன், உரிம எண் எழுதச் சொல்லுங்கள். கூடவே ஒரு வரி: 'யார் போட்ட துளையானாலும், வெட்டிய ஓரமானாலும், சிங்க் பொருத்துவதற்கு முன் சிலிகோன் கொண்டு அடைத்துத் தருவது என் பொறுப்பு.' இதற்குக் கையெழுத்துப் போடுகிறவரிடம் வேலையைக் கொடுங்கள். கடைசித் தவணையை, டார்ச் அடித்துச் சிங்க்குக்கு அடியில் பார்த்த பிறகு கொடுங்கள்.