‘நம்மால் ஆகும்’ என்னும் எண்ணம்

கிராம முன்னேற்றம் என்றதும் சாலை, பாலம், கிணறு, பள்ளிக் கட்டிடம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் இன்றியமையாதவையே. ஆயினும், இவற்றுக்கெல்லாம் முந்தியதாக வேறொன்று உண்டு. ஊரில் வாழும் ஒவ்வொருவரும் தம்மைப் பற்றித் தாமே மனத்தில் தீட்டி வைத்திருக்கும் சித்திரமே அது. “நான் கைநாட்டுப் பேர்வழி, கணக்கு வழக்கெல்லாம் எனக்கு எதற்கு?” “பாட்டன் காலம் முதல் போட்டு வரும் பயிரே போதும்.” “பெண்பிள்ளை சபையில் எழுந்து பேசலாமா?” இத்தகைய சொற்களை ஊராட்சி உறுப்பினர்கள் அடிக்கடி கேட்டிருப்பார்கள். இவை அடக்கத்தின் அடையாளம் போலத் தோன்றும். உண்மையில், பல வேளைகளில் இவை மெத்தனத்தின் மறுபெயரே.

மனநிறைவும் மெத்தனமும்

போதும் என்ற மனம் பொன் செய்யும் மருந்து என்பது நம் நாட்டுப் பழமொழி. அதை நாம் மறுக்கவில்லை. உழைத்துப் பெற்றதைக் கண்டு மகிழ்வது மனநிறைவு. பெறக்கூடியதை முயன்று பாராமலே கைவிட்டு, இருப்பதே போதும் என்று சமாதானம் கூறிக்கொள்வது மெத்தனம். முன்னதில் உள்ளம் அமைதி அடைகிறது; பின்னதில் உள்ளம் உறங்கிவிடுகிறது.

மெத்தனத்தைச் சோம்பல் என்று கருதிவிடலாகாது. பகல் முழுவதும் வெயிலில் பாடுபடும் குடியானவரிடமும் அது இருக்கக்கூடும். அதைக் கண்டுகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. அடுத்த வயல்காரர் புதிய முறை ஒன்றைக் கையாண்டு பலன் கண்டார் என்று கேள்விப்படும்போது, “அதை எப்படிச் செய்தார்?” என்று நம் மனம் கேட்கிறதா? அன்றி, “அது அவருக்குச் சரி, நமக்கு ஒத்துவராது” என்று கூறி அப்பால் நகர்கிறதா? இரண்டாவது விடை எழுமாயின், தடையாக நிற்பது நிலமோ நீரோ அன்று; நம்மைப் பற்றி நாம் கொண்டுள்ள எண்ணமே.

புதுக்கோட்டை கண்ட மாற்றம்

இந்த எண்ணம் மாறக்கூடியதா? ஆம் என்பதற்குத் தொலைவில் சென்று சான்று தேட வேண்டியதில்லை. ஆலங்குடி வட்டம் அடங்கிய புதுக்கோட்டை மாவட்டமே அதற்குச் சான்று. 1991-ஆம் ஆண்டில் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கப்பெற்றது. 9 வயது முதல் 45 வயது வரை எழுத்தறிவு பெறாதிருந்த இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பது அதன் நோக்கம். அந்நாளில் மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் இயக்கத்துக்குப் பெருந்துணையாக நின்றார். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஊதியமின்றிக் கற்பித்தனர்.

எழுத்துடன் நின்றுவிடாமல், பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றனர் என்பதே இவ்வியக்கத்தின் தனிச்சிறப்பு. எழுத்தறிவுக்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். பேருந்துக்குக் காத்திராமல், தகப்பனையோ கணவனையோ எதிர்பாராமல், வகுப்புக்கும் சந்தைக்கும் தண்ணீர் எடுக்கவும் ஒரு பெண் தானே சென்று வர முடியுமாயின், தன்னைப் பற்றி அவள் கொண்டிருந்த எண்ணம் முன்போல் இருக்க இயலுமா? கேலி பேசியவர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் பேச்சு அப்பெண்களின் வண்டியைத் தடுக்கவில்லை. பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளிலேயே பழகினர். 1992-ஆம் ஆண்டு உலக மகளிர் தினத்தன்று 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணி ஒலித்துப் புதுக்கோட்டை நகரில் அணிவகுத்துச் சென்றனர். கல் உடைக்கும் கூலிகளாக இருந்த பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து கல் குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியதும் இம்மாவட்டத்தில் அக்காலத்திலேதான்.

மாற்றம் பிறக்கும் நான்கு வாயில்கள்

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளநூல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூரா, ஒரு செயலைத் தம்மால் செய்ய இயலும் என்னும் நம்பிக்கை நான்கு வாயில்களால் உண்டாகிறது என்று 1977-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். முதலாவது, தாமே செய்து பார்த்து வெற்றி பெறுவது. நான்கிலும் வலிமை மிக்கது இதுவே. இரண்டாவது, தம்மை ஒத்த ஒருவர் செய்து முடிப்பதைக் காண்பது. மூன்றாவது, பிறர் கூறும் ஊக்க மொழி. நான்காவது, படபடப்பும் அச்சமும் தணிவது.

புதுக்கோட்டையில் இந்நான்கும் ஒருங்கே அமைந்தன. கையெழுத்திட்டதும் சைக்கிளில் ஏறியதும் தம் கையால் பெற்ற வெற்றி. முன்னே ஓட்டிச் சென்றவள் எங்கிருந்தோ வந்த சீமாட்டி அல்லள். அடுத்த தெருப் பெண். ஊக்க மொழி கூறியவர்கள் தொண்டர்கள். கூட்டமாகச் செய்தமையால் வெட்கமும் அச்சமும் விலகின. இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது யாது? “உன்னைப் பற்றி உயர்வாக எண்ணு” என்று நூறு முறை கூறினும் எண்ணம் எளிதில் மாறாது. சிறு செயல் ஒன்றை நாலு பேர் அறியச் செய்து முடித்தால், எண்ணம் தானே அதன் பின்னால் வரும்.

புயலுக்குப் பின்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வீசிய கஜா புயலில் ஆலங்குடி, கீரமங்கலம் பகுதிகளில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மரம் நிற்கிறது, காய் விழுகிறது, இனி என்ன கவலை என்று இருந்தவர்களும் ஓர் இரவில் கலங்கிப் போயினர். நெட்டைத் தென்னை மீண்டும் நட்டுப் பலன் தர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை கன்றுகளுக்கு இடையே நிலக்கடலை, எள், மரவள்ளி, வாழை போன்றவற்றைப் பயிரிடலாம் என்பது வேளாண்மைத் துறையினர் கூறும் முறை. ஆனால், “நான் தென்னந்தோப்புக்காரன்” என்று மட்டுமே தம்மை எண்ணியவருக்குக் காலி நிலந்தான் கண்ணுக்குத் தெரியும். “நான் உழவன்; எப்பயிரும் என் கைக்கு வரும்” என்று எண்ணுபவருக்கே ஊடுபயிர் தெரியும்.

அடுத்த ஆண்டில் இவ்வட்டாரத்தின் சில ஊர்களில் இளைஞர்கள் ஒன்று கூடி, நன்கொடை திரட்டி, தூர்ந்து கிடந்த குளங்களைத் தூர்வாரினர். சர்க்கார் வந்து செய்யும் என்று காத்திருந்த ஊர், இது நம் குளம் என்று எண்ணத் தொடங்கியதன் பயன் அது.

வெற்றியிலும் உறக்கம் உண்டு

ஓர் எச்சரிக்கையும் தேவை. 1992-ஆம் ஆண்டில் முழு எழுத்தறிவு பெற்றதென அறிவிக்கப்பட்ட இம்மாவட்டத்தில், 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி ஏழு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 69 பேரே எழுத்தறிவு பெற்றிருந்தனர். இயக்கம் அழைத்த வயது வரம்பைக் கடந்த முதியோரும் இக்கணக்கில் அடங்குவர் என்பது மெய்யே. எனினும், கற்ற எழுத்தும் பழகாவிடில் மறந்துபோகும் என்பதை எவரும் மறுக்க இயலாது. “நாம் வென்றுவிட்டோம்” என்பதும் மெத்தனத்துக்கு ஒரு வாயிலாகிவிடலாம். ஒரு குறிக்கோள் கைகூடிய அன்றே அடுத்ததைக் குறித்துக்கொள்ளுதல் நலம்.

நாம் செய்யக்கூடியவை

1. இவ்வாண்டுக்குள் முடிக்கக்கூடிய ஒரே ஒரு குறிக்கோளைத் தேர்ந்து, நாளும் அளவும் குறித்து எழுதி வைப்போம். “விளைச்சலைப் பெருக்குவேன்” என்பது ஆசை. “தை மாதத்துக்குள் அரை ஏக்கரில் சொட்டுநீர் அமைப்பேன்” என்பதே குறிக்கோள்.

2. புதிய முறையை நிலம் முழுவதிலும் புகுத்தாமல் ஒரு சிறு பாத்தியில் செய்து பார்ப்போம். தவறினாலும் நட்டம் சிறிது. வென்றால் நம்பிக்கை பெரிது.

3. வரவு செலவை நம் கையாலேயே எழுதுவோம். எழுதத் தெரியாதவர் தம் பிள்ளையிடம் கற்றுக்கொள்வதில் இழுக்கு ஏதும் இல்லை.

4. நம் குறிக்கோளை நாலு பேர் அறியக் கூறுவோம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபை அதற்கு ஏற்ற இடம்.

ஊராட்சி உறுப்பினர்களுக்குத் தனிப் பொறுப்பு ஒன்று உண்டு. 2016-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு உரியவை. தேர்ந்தெடுக்கப்பெற்ற பெண் பின்னால் நிற்க, அவர் கணவர் நாற்காலியில் அமர்வாராயின், ஊரிலுள்ள சிறுமியர் அனைவரும் அதைக் காண்கின்றனர். தம்மைப் பற்றிய சித்திரத்தையும் அதைக் கொண்டே தீட்டுகின்றனர். அப்பெண்ணே எழுந்து தீர்மானத்தைப் படிப்பாராயின், அதையும் அவர்கள் காண்பார்கள்.

பெருவிரலில் மை தடவிய கை எழுதுகோலைப் பிடித்த மண் இது. அந்தக் கைகளுக்கு ஆனது நமக்கும் ஆகும். அடுத்த கிராம சபை கூடுவதற்குள் நம் ஒவ்வொருவரிடமும் எழுதி வைத்த குறிக்கோள் ஒன்று இருக்கட்டும். அதற்கான முதற்செயலை இன்றே தொடங்குவோமாக!