பதிவேட்டில் உள்ள பெயரும் பள்ளிக்கு வரும் குழந்தையும்

நம் நாட்டில் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுள் பள்ளியில் பெயர் பதியப் பெறாதவர்கள் இன்று மிகச் சிலரே. கிராமப்புறக் குழந்தைகளின் கல்வி நிலையைக் கணிக்கும் ‘அசர்’ ஆய்வின் 2024-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, இவ்வயதுக் குழந்தைகளில் 98.1 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு பள்ளியில் சேர்க்கப்பட்டுள்ளனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இவ்வீதம் 95 சதவீதத்திற்குக் குறையவில்லை. ஆனால் அதே ஆய்வினர் ஊரக அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு நேரில் சென்று தலைகளை எண்ணியபோது, பதிவேட்டில் இருந்த மாணவர்களில் சராசரியாக 75.9 சதவீதத்தினரே அன்று வகுப்பில் இருந்தனர். 2018-இல் இது 72.4 சதவீதமாக இருந்தது. முன்னேற்றம் இல்லையென்று கூறுவதற்கில்லை. எனினும், எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும் நால்வரில் ஒருவர் பள்ளிக்கு வரவில்லை என்பதே இதன் பொருள்.

பொருளாதார நோக்கில் இதன் சுமையைக் கணக்கிடுவது எளிது. ஆசிரியரின் ஊதியம், கட்டடத்தின் பராமரிப்பு, பாடநூல் ஆகியவற்றுக்கான செலவு, குழந்தை வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றே. நூறு குழந்தைகளுக்கெனச் செய்யப்படும் செலவின் பயன் எழுபத்தைந்து பேருக்கே கிட்டுமாயின், வருகின்ற ஒரு குழந்தைக்கான உண்மைச் செலவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. வரவு செலவுத் திட்டத்தில் எந்தத் தலைப்பின் கீழும் இத்தொகை தென்படுவதில்லை. ஆகவே அதைப் பற்றிக் கேள்வி எழுப்புவோரும் இல்லை.

சட்டம் சென்ற வழி

கட்டாயக் கல்வி என்னும் கருத்து நமக்குப் புதியதன்று. பரோடா சமஸ்தானத்தில் 1906-ஆம் ஆண்டிலேயே அது நடைமுறைக்கு வந்தது. குழந்தையை அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் விதிப்பது அதன் முறை. 1929-இல் ஹார்டாக் குழு, தொடக்கக் கல்வியில் ‘விரயம்’, ‘தேக்கம்’ என்னும் இரு குறைகளைச் சுட்டிக்காட்டியது. முதல் வகுப்பில் சேர்ந்தோரில் பெரும்பகுதியினர் நான்காம் வகுப்பை எட்டாமலே நின்றுவிடுவது குறித்த கவலை அது. அரசியல் சட்டத்தின் 45-ஆவது விதி, பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி வழங்கப் பத்தாண்டுக் கெடு வகுத்தது. 1960-ஆம் ஆண்டு வந்தது, சென்றது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைதான், சேர்த்தல் மட்டும் போதாது, சேர்ந்த குழந்தையைத் தக்கவைத்தலும் வேண்டும் என்பதை அழுத்தமாக எடுத்துரைத்தது.

2010 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இவ்வரிசையில் ஒரு திருப்பம். அதன் 8-ஆம் பிரிவு ‘கட்டாயம்’ என்னும் சொல்லுக்கு ஒரு விளக்கம் தருகிறது. கட்டாயமாகச் சேர்ப்பதையும், வருகையையும், தொடக்கக் கல்வி நிறைவையும் உறுதிசெய்ய வேண்டியது அரசின் கடமை என்பதே அவ்விளக்கம். பரோடாவில் பெற்றோர்மீது விழுந்த கட்டாயம், நூறு ஆண்டுகள் கழித்து அரசின்மீது விழுந்தது. சட்டத்தைப் படித்த அலுவலருள்ளும் பலர், ‘சேர்க்கை’ என்பதற்கு அடுத்தாற்போல் ‘வருகை’ என்னும் சொல்லும் அங்கிருப்பதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மாதாந்திர அறிக்கைப் படிவங்கள் இன்றும் முதற்சொல்லையே பெரிதும் சுற்றி வருகின்றன.

சராசரி மறைப்பது என்ன?

வருகையைப் பற்றிய நம் சிந்தனையில் உள்ள பெருங்குறை, நாம் சராசரியை மட்டுமே நோக்குவதாகும். ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். நாற்பது மாணவர் கொண்ட இரண்டு வகுப்புகளை எண்ணிப் பாருங்கள். இரண்டிலும் நாள்தோறும் முப்பது பேர் வருகின்றனர். வருகை வீதம் 75. முதல் வகுப்பில் வருகின்ற முப்பது பேரும் எப்போதும் அதே முப்பது பேர். எஞ்சிய பத்துப் பெயர்கள் பதிவேட்டில் மட்டுமே வாழ்கின்றன. அவர்களுள் சிலர் தனியார் பள்ளியில் படிப்பர், சிலர் பெற்றோருடன் வெளியூர் சென்றிருப்பர், ஓரிருவர் வேலைக்குப் போயிருப்பர். இரண்டாம் வகுப்பிலோ நாற்பது பேரும் வருகின்றனர்; ஆனால் ஒவ்வொருவரும் நான்கு நாளைக்கு ஒரு நாள் வருவதில்லை. முன்னதில் முப்பது பேருக்குக் கல்வி முழுமையாகக் கிடைக்கிறது. பின்னதில் ஒருவருக்கும் முழுமையாகக் கிடைப்பதில்லை. ஆசிரியர் ஒவ்வொரு நாளும் நேற்றைய பாடத்தை மீண்டும் தொடங்க வேண்டியவராகிறார். மாவட்டத் தலைமையிடத்துக்குச் செல்லும் அறிக்கையில் இவ்விரு வகுப்புகளுக்கும் ஒரே எண்தான். முதல் வகுப்புக்குத் தேவை, அப்பத்துப் பேரைத் தேடிக் கண்டறிவது. இரண்டாவதற்குத் தேவை முற்றிலும் வேறு.

மேலைநாடுகள் சிலவற்றில், பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ இழக்கும் குழந்தையை ‘தொடர்ந்து வராதவர்’ என வகைப்படுத்துகின்றனர். நம் சட்டத்தின் அட்டவணை, ஐந்தாம் வகுப்பு வரை 200 வேலை நாட்களையும், ஆறு முதல் எட்டு வரை 220 நாட்களையும் குறைந்த அளவாக விதிக்கிறது. அவ்வளவுகோலின்படி ஆண்டுக்கு 20 அல்லது 22 நாட்கள், அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு நாட்கள் வராதிருந்தாலே ஒரு குழந்தை அவ்வகையில் அடங்கிவிடும். ‘இரண்டு நாள்தானே’ என்று நாம் கருதுவது பழக்கத்தால் வந்தது. கணிதத்தில் பின்னம் தொடங்கிய வாரத்தில் அவ்விரு நாட்களும் அமைந்துவிட்டால், அதன்பின் நடப்பது அக்குழந்தைக்கு விளங்குவதில்லை. விளங்காத வகுப்பில் அமர்ந்திருக்க விருப்பமின்றி அது மேலும் சில நாட்கள் வராமற்போகிறது. அரசுப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்பு மாணவரில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லவர் 2024-இல் 23.4 சதவீதத்தினரே. வராமையும் கற்காமையும் ஒன்றையொன்று வளர்ப்பவை. எது முதலில் தோன்றியது என்று ஆராய்வதில் பயனில்லை.

பணி நிமித்தம் வட மாநில மாவட்டம் ஒன்றுக்குச் சென்றிருந்தபோது கண்ட ஒரு குறிப்பேடு நினைவுக்கு வருகிறது. அப்பள்ளியின் தலைமையாசிரியர், ‘ஹாஜிரி’ என்று அங்கே வழங்கும் வருகைப் பதிவேட்டைத் தவிர, தம் சொந்தச் செலவில் வாங்கிய கோடிட்ட குறிப்பேடு ஒன்றையும் வைத்திருந்தார். வராத ஒவ்வொரு குழந்தையின் பெயருக்கு எதிரிலும் காரணத்தை ஓரிரு சொற்களில் எழுதி வந்தார். நாற்று நடவு, வாரச் சந்தை, தம்பியைப் பார்த்துக்கொள்ள, காய்ச்சல், மாமன் வீட்டுத் திருமணம், செங்கல் சூளை என்று அப்பக்கங்கள் விரிந்தன. வெள்ளிக்கிழமைகளில் வருகை குறைவது ஏன் என்று கேட்டேன். அன்று சந்தை, தாய் சந்தைக்குச் சென்றால் மூத்த பெண் வீட்டில் இருந்தாக வேண்டும் என்றார். அவருடைய குறிப்பேட்டை மேலதிகாரிகள் எவரும் கேட்டதில்லை. அதற்கெனப் படிவம் இல்லையல்லவா!

உணவும் மிதிவண்டியும்

வருகையை உயர்த்த மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளுள் பயன் தந்தவற்றை ஆராய்ந்தால், அவற்றின் அமைப்பிலேயே ஒரு பாடம் இருப்பதைக் காணலாம். தமிழ்நாட்டில் காமராசர் காலத்தில், 1956-இல், மதிய உணவுத் திட்டம் மாநில அளவில் விரிந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக வளர்ந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு தேசிய அளவில் திட்டத்தைத் தொடங்கியபோது, பல மாநிலங்களில் சமைத்த உணவுக்குப் பதிலாக மாதம் மூன்று கிலோ தானியம் வழங்கப்பட்டது. எண்பது சதவீத வருகை அதற்கு நிபந்தனை. நிபந்தனை தாளில் நன்றாகவே இருந்தது. ஆனால் எந்த ஆசிரியர், தம் ஊர்க் குழந்தை ஒன்றின் தானியத்தை 78 சதவீதம் என்று எழுதி நிறுத்துவார்? 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், சமைத்த உணவையே வழங்க வேண்டும் என்று ஆணையிட்டது. சமைத்த உணவுக்குப் பதிவேடு தேவையில்லை. உண்ண வேண்டுமாயின் குழந்தை அன்று அங்கே இருந்தாக வேண்டும். நிபந்தனை எழுத்தில் இல்லாமல் பொருளிலேயே அடங்கியிருப்பதுதான் இதன் சிறப்பு. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய காலை உணவுத் திட்டம் இதற்கும் ஒரு படி மேலே செல்கிறது. பகலுணவுக்கு மட்டும் வந்து திரும்பும் வழக்கத்துக்கு அது இடம் தருவதில்லை. முதல் மணி அடிக்கும் முன்னரே குழந்தை பள்ளியில் இருக்கிறது.

பீகாரில் 2006-இல், ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்கு மிதிவண்டி வாங்கப் பணம் வழங்கும் திட்டம் வந்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகிய பொருளியலாளர்கள், பீகாரை அண்டை மாநிலமான ஜார்க்கண்டோடும், மாணவியரை மாணவரோடும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். உயர்நிலைப் பள்ளியில் மாணவியர் சேர்க்கை 32 சதவீதம் கூடியதாக அவர்கள் கணித்தனர். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களிலேயே பயன் மிகுதியாக இருந்தது. தடை இன்னதென்று அறிந்து அதையே நீக்கினால் பயன் விளையும் என்பதற்கு இது சான்று.

குழந்தைகளின் வருகையைப் பேசுவோர் ஆசிரியரின் வருகையைப் பேசாது விடுவது நேர்மையாகாது. 2003-இல் முன்னறிவிப்பின்றி நடந்த நாடளாவிய ஆய்வொன்றில், அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் நால்வரில் ஒருவர் பள்ளியில் இல்லை. மகாராஷ்டிரத்தில் ஏறத்தாழ 15 சதவீதமாகவும், ஜார்க்கண்டில் ஏறத்தாழ 42 சதவீதமாகவும் இது வேறுபட்டது. ‘அசர்’ ஆய்வில் 2024-இல் ஆசிரியர் வருகை 87.5 சதவீதம். நிலை மேம்பட்டுள்ளது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஓராசிரியர் பள்ளியில் அந்த ஒருவர் விடுப்பில் இருந்தால், அன்று பள்ளியே இல்லை. ஆறு கல் தொலைவு நடந்து வந்து பூட்டிய கதவைக் கண்டு திரும்பிய குழந்தை, மறுநாள் புறப்படுமுன் சற்றுத் தயங்கத்தானே செய்யும்.

இடம் பெயரும் குடும்பங்கள்

இவை எவற்றாலும் எளிதில் எட்ட முடியாத ஒரு கூட்டம் உண்டு. மகாராஷ்டிரத்தின் பீட் முதலிய மராத்வாடா மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அக்டோபர், நவம்பர் மாதங்களில் கரும்பு வெட்ட மேற்கு மாவட்டங்களுக்குச் செல்கின்றன. ஏப்ரல் வாக்கில்தான் திரும்புகின்றன. ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா மாவட்டத்தார் செங்கல் சூளைகளை நாடிச் செல்கின்றனர். நம் திருவள்ளூர் மாவட்டச் சூளைகளிலும் அவர்களைக் காணலாம். பள்ளியாண்டின் சரிபாதி இவ்வாறு கழிகிறது. குழந்தையை ஊரிலேயே தங்கவைக்கும் பருவகால விடுதிகள் ஒரு வழி. சூளைக்கு அருகிலேயே ஒடிய மொழியில் கற்பிப்பது மற்றொரு வழி. திருவள்ளூரில் அது முயன்று பார்க்கப்பட்டது. விடுதியில் பாட்டி தாத்தாவின் துணை கிட்டும் குழந்தைக்கு முன்னது ஏற்றது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவே அழைத்துச் செல்லப்படும் ஒன்பது வயதுச் சிறுமிக்கு, சூளையருகே குழந்தைக் காப்பகமும் இருந்தாலொழியப் பள்ளியால் பயனில்லை. அவளை விடுவிக்கும் செலவு கல்வித் துறையின் கணக்கில் வராது என்பதால் அது பெரும்பாலும் எவர் கணக்கிலும் வருவதில்லை.

75 சதவீதம் என்னும் வரம்பு

அண்மை ஆண்டுகளில் மாநிலங்கள் பல, உதவித்தொகையை 75 சதவீத வருகையுடன் இணைத்தன. ஆந்திரப் பிரதேசத்தில் 2020-இல் தொடங்கிய ‘அம்ம ஒடி’ திட்டமும் இவ்வகையதே. இந்த வரம்பைப் பற்றி என் கருத்து சற்று மாறுபட்டது. ஊக்கத்தொகை வரம்பின் அருகே நிற்பவரை மட்டுமே அசைக்கும். தொண்ணூறு சதவீதம் வருபவருக்கு அதனால் மாற்றமில்லை. அரையாண்டு கரும்பு வயலில் கழித்த குழந்தைக்கோ, ஜனவரி மாதத்திலேயே அத்தொகை கைநழுவிவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் வருவதற்கு அத்திட்டம் ஒரு காரணமும் தருவதில்லை. மிக வறியவரே வரம்புக்குக் கீழே வீழ்பவர் என்பதையும் மறக்கலாகாது.

2023-இல் பீகாரில் தொடர்ந்து வராத மாணவரின் பெயர்கள் பதிவேட்டிலிருந்து இலட்சக்கணக்கில் நீக்கப்பட்டன. தனியார் பள்ளியில் படித்துக்கொண்டே அரசு உதவிகளுக்காகப் பெயரை வைத்திருந்தோர் அவர்களுள் இருந்தனர் என்பது உண்மை. அப்பெயர்களை நீக்கினால் வருகை வீதமும் உடனே உயரும். ஆனால் உயர்ந்தது பின்னத்தின் கீழ் எண் சுருங்கியதால்; ஒரு குழந்தைகூடப் புதிதாக வகுப்புக்கு வந்துவிடவில்லை. இருமுறை பதிந்தவரையும் சூளைக்குச் சென்றவரையும் ஒரே கோட்டால் அடித்துவிட்டால், பின்னவரைத் தேடுவதற்கு இருந்த ஒரே தடயமும் அழிந்துபோகிறது. பெயரை நீக்குமுன் ஒருவர் அவ்வீட்டுக்குச் சென்று கேட்டறிவது கட்டாயமாக்கப்பட வேண்டும். தில்லியில் குழந்தை உரிமை ஆணையம் ஏற்படுத்திய முன்னெச்சரிக்கை முறையில், தொடர்ந்து ஏழு நாட்கள் வராத மாணவரின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துக் காரணம் கேட்டனர். அழைப்பின் நோக்கம் தண்டிப்பதன்று, விசாரிப்பது. இம்முறைக்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, பள்ளி நாட்காட்டியை வகுக்கும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புக்கு அளித்துள்ளது. நடவும் அறுவடையும் எந்த வாரங்களில் வரும் என்பதை அறியாத ஊராட்சி இல்லை. வேலை நாட்களின் எண்ணிக்கை குறையாதவாறு விடுமுறையை அவ்வாரங்களுக்கு மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் தடையேதும் இல்லை. இவ்வதிகாரம் அரிதாகவே பயன்படுத்தப்படுகிறது. மேலே குறிப்பிட்ட தலைமையாசிரியரும் தம் குறிப்பேட்டை ஆதாரமாகக் காட்டி, கோடை விடுமுறையில் ஒரு வாரத்தை நடவுக் காலத்துக்கு மாற்றித் தருமாறு எழுதியிருந்தார். மாவட்டம் முழுவதும் ஒரே நாட்காட்டி என்பதால் இயலாது என விடை வந்தது. அதையும் அவர் அதே குறிப்பேட்டில் ஒட்டி வைத்திருந்தார். அடுத்த பக்கத்தில் நடவு வாரத்தில் வராத பதினாறு பெயர்கள் இருந்தன.