கடற்கரைச் சாலையோரம் நேரடி விற்பனை

சென்னையிலிருந்து மாமல்லபுரம், மரக்காணம் வழியாகப் புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வழியின் அழகுக்காகவே பலர் காரில் வருகின்றனர். அவர்கள் ரசிக்கும் சவுக்குத் தோப்பும் உப்பளமும் பாடுபடுவோரின் உழைப்பில் உண்டானவை. அந்த அழகைக் கொண்டு சிறு விவசாயிகளும் நாலு காசு பார்க்கலாம்.

மணற்பாங்கான நிலத்தில் மார்கழி, தையில் தர்ப்பூசணி விதைத்தால் 80 முதல் 90 நாளில் காய் அறுவடைக்கு வரும். வெயில் ஏறும் பங்குனி, சித்திரையில் சாலையோரத்திலேயே விற்றால் தரகும் வண்டி வாடகையும் மிச்சம். அடுத்து நுங்கு இருக்கிறது.

கடையைத் தார்ச்சாலையை விட்டுத் தள்ளி, வளைவில்லாத இடத்தில், கார் ஒதுங்கி நிற்க வசதியாகப் போட வேண்டும். நெல், மணிலாவைச் சாலையில் காயப்போடக் கூடாது. சக்கரம் வழுக்கி உயிர்ச்சேதம் நேரும், தானியமும் நொறுங்கும்.

கடலோரச் சவுக்கை ஒரேயடியாக வெட்டுவதும் நல்லதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது கடலூர் மாவட்டத்தில் மரங்கள் அடர்ந்த இடங்களுக்குப் பின்னால் சேதம் குறைவாக இருந்தது. கடல் பக்கம் சில வரிசைகளை விட்டுவைத்தால் உப்புக் காற்றிலிருந்து பயிர் தப்பும். சாலையின் அழகும் கெடாது. வாங்க வருவோரும் குறைய மாட்டார்கள்.