கின்னிக்கோழி ஏன் ஷெட்டுக்குத் திரும்புவதில்லை? திறந்துவிடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

வேலை சென்னையில், நிலம் சொந்த ஊரில். 'பூச்சியைத் தின்னும், பாம்பு வந்தா கத்தும், தீவனச் செலவும் கம்மி' என்று யாரோ சொல்ல, சந்தையில் பத்து கின்னிக்கோழி வாங்கி அன்றைக்கே தோட்டத்தில் திறந்துவிடுகிறார்கள் பலர். மறுநாள் காலையில் பாதிகூடக் கண்ணில் படாது. எங்கே போயின?

வீடு எதுன்னு தெரியாது

கின்னிக்கோழியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. மனிதரோடு பழகினாலும் காட்டுக் குணம் முழுசா போகவில்லை. இருட்டியதும் உயரமான மரக்கிளையைத்தான் தேடும். நன்றாகவே பறக்கும் என்பதால் வேலி ஒரு பொருட்டே இல்லை. புது இடத்தில் விட்டால், பழைய இடத்தைத் தேடிக் கிளம்பிவிடும். மரத்தில் தங்கியவை மரநாய்க்கும், தரையில் அடை உட்கார்ந்தவை நாய், நரிக்கும் இரையாகும்.

எப்படிப் பழக்குவது?

வளர்ந்த பறவை வாங்கினால் நான்கு முதல் ஆறு வாரம் ஷெட்டுக்குள்ளேயே வைக்க வேண்டும். பிறகு ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் விடக் கூடாது. முதலில் இரண்டு, மூன்று மட்டும். இவை கூட்டமாக வாழும் பறவைகள். உள்ளே இருப்பவை கத்தினால் வெளியே போனவை தூரம் போகாது. சில நாள் கழித்து எண்ணிக்கையைக் கூட்டலாம்.

காலையில் வயிறு நிறையத் தீவனம் வேண்டாம். பொழுது சாயும் முன், தினமும் ஒரே நேரத்தில், ஷெட்டுக்குள் தானியம் போடுங்கள். தட்டைத் தட்டும் சத்தமே அழைப்பு மணி ஆகிவிடும்.

ஷெட் எப்படி இருக்கணும்?

ஒரு பறவைக்கு இரண்டு, மூன்று சதுர அடியாவது தேவை. உட்கார உயரத்தில் குறுக்குக் கம்புகள், ஈரமில்லாத தரை, காற்றோட்டம், இரவில் பூட்டும் கதவு. இருட்டான இடத்துக்குள் நுழையத் தயங்கும் என்பதால், அடையும் நேரத்தில் சின்ன பல்பு எரியட்டும். பிடிக்கும்போது காலைப் பிடிக்காதீர்கள், எளிதில் அடிபடும். உடம்போடு சேர்த்து அணைத்துத் தூக்க வேண்டும்.

முட்டையும் குஞ்சும்

வெளியில் திரியும் பெட்டைகள் புதருக்குள் ஒளித்து முட்டையிடும். காலையில் கொஞ்சம் தாமதமாகத் திறந்துவிட்டால் சில முட்டைகளாவது ஷெட்டுக்குள் கிடைக்கலாம். நாட்டுக்கோழி முட்டை பொரிய 21 நாள்; இதற்கு 26 முதல் 28 நாள். குஞ்சுகளுக்கு ஈரம் எமன். தாயோடு பனிப்புல்லில் அலைந்தாலே செத்துப்போகும். அதனால் நாட்டுக்கோழியை அடைவைத்து, பொரிந்த குஞ்சுகளை முதல் சில வாரம் உலர்ந்த இடத்தில் வளர்ப்பது பாதுகாப்பு. இங்கேயே பொரிந்து வளர்ந்தவை ஷெட்டை வீடாக ஏற்றுக்கொள்வதும் சுலபம்.

இதையும் யோசிங்க

சத்தம் பலமாக இருக்கும். காவலுக்கு அது பிளஸ். பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படி இருக்காது. வீடுகள் நெருக்கமான தெருவென்றால் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

பூட்டாமல் விட்ட ஒரே ஒரு இரவு போதும், பல மாத உழைப்பு வீணாக. வாரக் கடைசியில் மட்டும் ஊருக்குப் போகிறவர்கள், தினமும் சாயங்காலம் தானியம் போட்டு, எண்ணிப் பார்த்து, கதவைப் பூட்ட ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டுப் பறவை வாங்கலாம்.