லூஸி... லூசு இல்லீங்க!

துபாய் புர்ஜ் கலீஃபா கண்ணாடிச் சுவரில் டாம் க்ரூஸ் பல்லி மாதிரி ஏறியதைப் பார்த்து விசிலடிச்ச கோஷ்டியா நீங்க? அந்தத் தீக்குச்சி பத்திக்க, திரி எரிய, 'டன் டன் டடன்'னு வருமே ஒரு மியூசிக்... அது பிறந்தது சினிமாவுக்காக இல்லை. 'மிஷன் இம்பாசிபிள்', 1966 செப்டம்பரில் அமெரிக்க டி.வி.யில் ஆரம்பிச்ச வாராந்திரத் தொடர். அதே செப்டம்பரில், அதே கம்பெனியிலிருந்து இன்னொரு தொடரும் வந்தது. அது 'ஸ்டார் ட்ரெக்'.

இந்த ரெண்டுக்கும் காசு போட்ட முதலாளி, கோட்டு சூட்டு போட்ட சுருட்டு ஆசாமி இல்லை. தலைமுடிக்குச் செக்கச்சிவப்பா சாயம் பூசி, டி.வி.யில் வாரா வாரம் கீழே விழுந்து வாரிக்கொண்டிருந்த ஒரு காமெடி நடிகை. பெயர் லூஸில் பால். ஊருக்கெல்லாம் 'லூஸி'.

பெயரைக் கேட்டதும் சிரிக்கிற பசங்க கொஞ்சம் அடக்கி வாசிங்க. திரையில் அந்தம்மா பண்ணினதும் கிட்டத்தட்ட அந்த ரோல்தான்!

1911 ஆகஸ்ட் 6. நியூயார்க் மாநிலத்தில் ஜேம்ஸ்டவுன் என்கிற சின்ன ஊரில் பிறந்தவர் லூஸி. அப்பா டெலிபோன் லைன்மேன். பெண்ணுக்கு மூணு வயசு இருக்கும்போது டைஃபாய்டில் போய்ச் சேர்ந்துட்டார். வளர்த்தது அம்மாவும் தாத்தா ஃப்ரெட் ஹன்ட்டும். பதினைந்து வயசில் நியூயார்க்குக்கு நடிப்புப் பள்ளிக்கு அனுப்பினார் அம்மா. அங்கே ஸ்டார் மாணவி யார் தெரியுமா? பின்னாளில் ரெண்டு ஆஸ்கர் வாங்கிய பெட்டி டேவிஸ். அவர் பக்கத்தில் நம்ம லூஸி வாயே திறக்காத கூச்ச சுபாவி. 'இந்தப் பொண்ணுக்கு இது சரிப்படாது, காசை வீணாக்காதீங்க' என்கிற அர்த்தத்தில் அம்மாவுக்குத் தகவல் அனுப்பிட்டாங்க. பேக் டு ஜேம்ஸ்டவுன்.

அங்கே இன்னொரு அடி. 1927ல் வீட்டுக் கொல்லையில், தாத்தா மேற்பார்வையில், குறி பார்த்துச் சுடுகிற விளையாட்டு. குண்டு பக்கத்து வீட்டுச் சிறுவன் மேல் பாய்ந்தது. அவனால் அதற்கப்புறம் நடக்க முடியவில்லை. வழக்கு, தீர்ப்பு, தாத்தாவின் வீடு காலி. கண்ணெதிரே குடும்பத்தின் கூரை கைமாறிப் போவதை டீன் ஏஜில் பார்த்தவர் லூஸி. பின்னாளில் அவர் போட்ட கணக்குகளைப் படிக்கும்போது எனக்கு இந்த வீடுதான் ஞாபகம் வருது.

மறுபடியும் நியூயார்க். மாடலிங். 1933ல் ஒரு படத்தில் கூட்டத்தோடு நிற்கும் அழகிகளில் ஒருத்தராக ஹாலிவுட் டிக்கெட் கிடைச்சது. 1935ல் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவில் ஒப்பந்தம். சம்பளம் வாரத்துக்கு 50 டாலர். அங்கே ஜிஞ்சர் ரோஜர்ஸின் அம்மா லீலா, இளம் நடிகைகளுக்கு நடிப்பு சொல்லிக் கொடுத்தார். லூஸி அந்தம்மாவைக் கெட்டியாகப் பிடிச்சுக்கிட்டார். ஆனாலும் கிடைச்சது எல்லாம் குறைந்த செலவுப் படங்கள். 'பி படங்களின் ராணி' என்று பட்டமே கொடுத்தாங்க. ராணிதான்... ராஜ்ஜியம்தான் ரெண்டாம் தரம்.

'கான் வித் த விண்ட்' ஸ்கார்லெட் ரோலுக்குக்கூட வாய்ஸ் டெஸ்ட்டுக்குப் போனார். கொட்டும் மழையில் தொப்பலாக நனைஞ்சு, கல்வர் சிட்டியில் தயாரிப்பாளர் செல்ஸ்னிக்கின் அலுவலகத்தில் முழங்காலில் நின்னு வசனம் பேசிக் காட்டினதை அவரே பலமுறை சொல்லிச் சிரிச்சிருக்கார். ரோல் கிடைக்கலை. அந்த அலுவலகத்தை ஞாபகம் வெச்சுக்குங்க. திரும்ப வருவோம்.

1940ல் ஒரு படப்பிடிப்பில் கியூபாக்காரர் டெஸி அர்னாஸைப் பார்த்தார். காங்கா டிரம் வாசிச்சுப் பாடுகிற, ஆறு வயசு சின்னப் பையன். அதே நவம்பரில் ஓடிப்போய்க் கல்யாணம்! சாட்ஸ்வொர்த்தில் அஞ்சு ஏக்கர் பண்ணை வீடு வாங்கி, டெஸி பாதி லூஸி பாதியாக 'டெஸிலூ' என்று பெயர் வெச்சாங்க. ஆனா, வீட்டில் ரெண்டு பேரும் சேர்ந்து இருந்தாத்தானே? டெஸி பேண்டு கோஷ்டியோடு ஊர் ஊராகச் சுத்தறார். லூஸி விடிகாலையில் ஷூட்டிங் கிளம்பறார். டெஸிக்குக் குடி, பெண்கள் சகவாசம் வேற. 1944லேயே ஒரு முறை டைவர்ஸ் வரை போய்த் திரும்பி வந்தாங்க.

அப்போதுதான் டி.வி. வாசல் திறந்தது. லூஸி ரேடியோவில் நடிச்சு ஹிட்டான மனைவி கேரக்டரை டி.வி.க்குக் கொண்டுவர சி.பி.எஸ். கேட்டது. லூஸி ஒரே கண்டிஷன் போட்டார். புருஷனா டெஸிதான் நடிக்கணும். ஒரு அமெரிக்கப் பெண்ணுக்கு ஸ்பானிஷ் வாடையோடு இங்கிலீஷ் பேசற கியூபாக்காரன் புருஷனா? ஜனங்க நம்ப மாட்டாங்கன்னு இழுத்தாங்க. நிஜ வாழ்க்கையில் பத்து வருஷமா புருஷன் பெண்டாட்டி, இது எப்படி இருக்கு! 1950ல் 'டெஸிலூ' பெயரிலேயே கம்பெனி ஆரம்பிச்சு, ரெண்டு பேரும் மேடை மேடையாகப் போய் நடிச்சுக் காட்டினாங்க. கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுது. சி.பி.எஸ். இறங்கி வந்தது.

இப்போதான் மேட்டரே. பி.காம்., எம்.பி.ஏ. பார்ட்டிகள் சேரை முன்னாடி இழுத்துப் போட்டுக்கலாம்.

அன்றைக்குப் பெரும்பாலான டி.வி. நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரடி ஒளிபரப்பு. நாட்டின் மறுகோடிக்கு அனுப்ப, டி.வி. திரைக்கு முன்னால் ஒரு ஃபிலிம் கேமராவை நிறுத்திப் படம்பிடிச்சு அனுப்புவாங்க. மங்கலாக, மழை பெய்கிற மாதிரி இருக்கும். விளம்பரதாரர் சிகரெட் கம்பெனி, லூஸி நியூயார்க் வரணும்னது. லூஸி கர்ப்பிணி. வீடு கலிபோர்னியாவில். முடியாதுன்னுட்டார். 'நாங்க இங்கேயே நிஜ சினிமா ஃபிலிமில் எடுத்துத் தர்றோம்' என்றார்கள். செலவு எகிறும், யார் கொடுக்கறது? டெஸி ஒரு டீல் போட்டார். எங்க சம்பளத்தில் வாரம் 1,000 டாலர் குறைச்சுக்கறோம். பதிலுக்கு, எடுத்த ஃபிலிம் எங்க சொத்து.

சி.பி.எஸ். தலையாட்டிடுச்சு. ஏன் ஆட்டாது? ஒரு தடவை ஒளிபரப்பான நிகழ்ச்சி அன்றைக்கு நேத்து ராத்திரி சாப்பிட்ட இலை மாதிரி. அதை யார் பத்திரப்படுத்தப் போறாங்க?

'மெட்ரோபோலிஸ்' படத்துக்கு கேமரா பிடிச்ச ஜெர்மன் ஜாம்பவான் கார்ல் ஃப்ராய்ண்டை இழுத்து வந்தாங்க. எதிரே நிஜ ஆடியன்ஸ், ஒரே சமயத்தில் மூணு கேமரா, நாடகம் மாதிரி நிறுத்தாமல் ஷூட்டிங். காமெடி சீரியல்கள் இன்னிக்கும் கையாளுகிற ஃபார்முலா அங்கேதான் நிலைபெற்றது. 1951 அக்டோபர் 15, 'ஐ லவ் லூஸி' ஆரம்பம். சாக்லேட் ஃபாக்டரியில் பெல்ட் வேகமாக ஓட ஓட, சுத்த முடியாத சாக்லேட்டை லூஸி வாயிலும் சட்டைக்குள்ளும் திணிச்சுக்கிற காட்சியைத் தேடிப் பாருங்க. எழுபது வருஷத்துக்கு மேல் ஆச்சு, இன்னும் வயிறு வலிக்கும்.

ரெண்டாவது பிரசவ சமயத்தில் கர்ப்பத்தையே கதையில் சேர்த்தாங்க. 'கர்ப்பம்' என்கிற வார்த்தையை மட்டும் சொல்லக் கூடாதுன்னு சேனல் தடா! 1953 ஜனவரி 19. காலையில் நிஜ லூஸிக்கு மகன். ராத்திரி டி.வி. லூஸிக்கும் மகன். பார்த்தவர்கள் சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர். மறுநாள் அதிபர் ஐசனோவர் பதவியேற்பைப் பார்த்தவர்கள் அதைவிடக் கம்மி! லூஸி ஓய்வெடுத்த வாரங்களில் பழைய எபிசோடுகளைத் திரும்பப் போட்டார்கள். ஜனங்க மறுபடியும் சிரிச்சாங்க. அந்த எச்சில் இலை, தங்கத் தட்டு என்று அப்போதுதான் மற்றவங்களுக்குப் புரிஞ்சுது.

அதே வருஷம் தலைக்கு மேல் கத்தியும் தொங்கியது. தாத்தாவைச் சந்தோஷப்படுத்த 1936ல் கம்யூனிஸ்ட் என்று வாக்காளர் பதிவு செஞ்சது வெளியே வந்தது. எத்தனையோ பேர் ஹாலிவுட்டில் பிழைப்பை இழந்த நேரம் அது. ஷூட்டிங்குக்கு முன்னால் டெஸி மேடையேறி, லூஸிகிட்ட சிவப்பா இருக்கறது முடி மட்டும்தான், அதுவும் ஒரிஜினல் இல்லை என்றார். கைதட்டல் அடங்க நேரமாச்சு. தப்பிச்சாங்க.

பிறகு பணம் கொட்டியது. பழைய எபிசோடுகளை சி.பி.எஸ்.ஸுக்கே 40 லட்சம் டாலருக்கு மேல் வித்தாங்க. அந்தப் பலத்தில் 1957 கடைசியில் ஒரு ஸ்டுடியோவை விலைக்குக் கேட்டாங்க. எந்த ஸ்டுடியோ? அதேதான்! லூஸியை வாரம் 50 டாலருக்கு வெச்சிருந்த ஆர்.கே.ஓ. விலை சுமார் 60 லட்சம் டாலர். கூடவே வந்தது கல்வர் சிட்டி வளாகம். மழையில் நனைஞ்சு முழங்காலில் நின்னாரே, அந்த இடத்துக்கும் இப்போ லூஸிதான் ஓனரம்மா!

இதை எந்த டைரக்டரும் இன்டர்வெல் பிளாக்கா வெச்சிருப்பார். ஆனா, வாழ்க்கை அடுத்த ரீலை ஓட்டிருச்சு. சேர்ந்து இருக்கறதுக்காக ஆரம்பிச்ச கம்பெனி, டெஸியை ராத்திரி பகலா விழுங்கியது. குடி முத்தியது. 1960 மார்ச் 2ல் ரெண்டு பேரும் கடைசியாக ஜோடியாக நடிச்சாங்க. கடைசிக் காட்சி முத்தம். மறுநாள் லூஸி கோர்ட்டில் டைவர்ஸுக்கு மனு போட்டார்.

இங்கே ஒண்ணு நேர்மையாகச் சொல்லணும். அதுவரைக்கும் பிசினஸ் மூளை டெஸியுடையது. லூஸியே அதை மறைச்சதில்லை. 1962ல் டெஸி விலகிக்க நினைச்சப்போ, கடன் வாங்கி அவர் பங்குகளை வாங்கி நாற்காலியில் உட்கார்ந்தார் லூஸி. பெரிய டி.வி. ஸ்டுடியோ ஒன்றுக்குத் தலைவியான முதல் பெண். பகலில் பேலன்ஸ் ஷீட், ஷூட்டிங் நாளில் கோமாளித்தனம். அந்த நாற்காலி அவருக்குப் பிடிக்கவும் இல்லை. கம்பெனியும் அப்போ சுமார்தான். சொந்தத் தயாரிப்பில் உருப்படியாக ஓடினது அவர் நடிச்ச 'த லூஸி ஷோ' மட்டும். மத்தது எல்லாம் அடுத்தவங்களுக்குத் தளம் வாடகைக்கு விட்ட காசு.

வாடகையிலேயே காலம் தள்ளியிருக்கலாம். லூஸி, புதுத் தொடர்கள் எடுக்கலாம்னு முடிவெடுத்தார். ஜீன் ராடன்பெரி என்கிற முன்னாள் போலீஸ்காரர் விண்வெளிக் கதையோடு வந்தார். 'ஸ்டார் ட்ரெக்' என்றதும் சினிமா ஸ்டார்கள் ராணுவ வீரர்களை மகிழ்விக்க ஊர் ஊராகப் போகிற கதைன்னு லூஸி நினைச்சாராம். கம்பெனி ஆட்களே பின்னால் சொன்ன ஜோக் இது! முன்னோட்ட எபிசோடுக்கு 6 லட்சம் டாலருக்கு மேல் செலவு. என்.பி.சி. சேனல் அதை நிராகரிச்சு, இன்னொண்ணு எடுத்துக்கிட்டு வாங்கன்னது. கம்பெனி போர்டில் கணக்குப் பார்க்கறவங்க, இது நம்மை மூழ்கடிச்சிடும், விட்ருங்கன்னாங்க. லூஸி தலையசைக்கலைன்னா மிஸ்டர் ஸ்பாக்கின் கூர்க் காதை உலகம் பார்த்திருக்காது.

கணக்குப்பிள்ளைகள் சொன்னதும் தப்பில்லை. ரெண்டு தொடருமே பட்ஜெட்டைத் தின்றன. எபிசோடுக்கு எபிசோடு நஷ்டம். 1967 பிப்ரவரியில் லூஸி கையெழுத்துப் போட்டார். பாரமவுன்ட்டை அப்போதுதான் வாங்கியிருந்த 'கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன்' கம்பெனிக்கு, 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு டெஸிலூ போனது. பாரமவுன்ட் பக்கத்து வளாகம்தான். நடுவில் இருந்த சுவரை இடிச்சாங்க. 'டெஸிலூ' பெயரும் போச்சு.

1969ல் 'ஸ்டார் ட்ரெக்' நிறுத்தப்பட்டது. அப்புறம்தான் கூத்து. மறு ஒளிபரப்பில் பிச்சுக்கிட்டு ஓடி, சினிமாக்கள், புதுத் தொடர்கள் என்று பாரமவுன்ட்டுக்கு அட்சய பாத்திரமாயிடுச்சு. 1996ல் டாம் க்ரூஸ் வந்ததும் 'மிஷன் இம்பாசிபிள்' இன்னொரு பாத்திரம். மறு ஒளிபரப்பில்தான் பணம் இருக்குன்னு ஊருக்கே காட்டின கம்பெனி, அந்தப் பணம் வர ஆரம்பிக்கும் முன்னாலேயே கடையைச் சாத்திடுச்சு. லூஸி அவசரப்பட்டாரா? எனக்கு அப்படித் தோணலை. நஷ்டக் கணக்கு கையில் இருக்க, 1967ல் டாம் க்ரூஸுக்கு வயசு நாலு!

வித்த பிறகு, தன் பெயரிலேயே சின்னக் கம்பெனி வெச்சு 1974 வரை டி.வி.யில் கலக்கினார். 1986ல் 75 வயசில் மறுபடி ஒரு தொடர். எட்டே எபிசோடில் தூக்கிட்டாங்க. ரொம்பவே உடைஞ்சு போனார். 1989 ஏப்ரல் 26ல் இறந்தார்.

அந்த 1986 டிசம்பரில் நடந்ததைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ரெண்டு பேரும் வேறு கல்யாணம் பண்ணிக்கிட்டு நண்பர்களாகவே இருந்தாங்க. டிசம்பர் 2ல் டெஸி புற்றுநோயில் இறந்துட்டார். அஞ்சு நாள் கழிச்சு வாஷிங்டனில் லூஸிக்கு கென்னடி சென்டர் விருது விழா. மேடையில் நடிகர் ராபர்ட் ஸ்டாக், டெஸி இறப்பதற்கு முன் எழுதி வெச்சிருந்த வாழ்த்தைப் படிச்சார். கடைசி வரி: 'ஐ லவ் லூஸி' என்பது எனக்கு ஒருநாளும் வெறும் டைட்டிலாக இருந்ததில்லை.

மாடத்தில் உட்கார்ந்திருந்த லூஸி கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.